வானொலியும் ரொமாண்டிக் இசைமேதைகளின் சுபாவ சித்திரமும்

1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் சைக்கோவ்ஸ்கி தாமே நடத்தி அரங்கேற்றிய ஆறாவது சிம்பொனியின் முதற் பகுதியில், கிளாரினெட் தணிந்து தணிந்து ஓயும் ஓரிடத்தில், எஞ்சிய நான்கு ஸ்வரங்களைப் பஸூன் வாத்தியம் ஏற்று முடிக்கிறது. அந்த நான்கு ஸ்வரங்களுக்கும் ‘மெல்ல’ என்பதற்குரிய குறியை ஆறு முறை அடுக்கி எழுதியிருக்கிறார் அவர். செவியைத் தீட்டிக்கொண்டாலன்றிக் கேளாத அவ்வொலி அடங்கிய மறுகணமே வாத்தியக் குழு முழுவதும் இடிபோல் எழுகிறது. மண்டபத்தில் அமர்ந்திருப்பவர் திடுக்கிட்டு நிமிர்வார். இயற்றியவரின் மனோநிலை இன்னதென்று அவருக்கு வேறு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

இதே இடம் 1930-களின் ரேடியோப் பெட்டியில் கேட்ட விதம் வேறு. மத்திய அலை ஒலிபரப்பில் ஓயாத இரைச்சலுக்கு மேலே எழாத எந்த நாதமும் நேயருக்கு எட்டாது. அளவு மீறிய பேரொலியோ ஒலிபரப்புக் கருவியிலேயே சிதைந்துவிடும். ஆகவே, ஸ்வரப் பிரதியை முன்னே விரித்து வைத்துக்கொண்டு, மெல்லிய இடம் வருமுன் ஒலியை ஏற்றியும், பெருமுழக்கம் வருமுன் அதைக் குறைத்தும் விசையைத் திருகிக்கொண்டிருப்பதே கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருந்தவரின் உத்தியோகமாயிருந்தது. உச்ச ஸ்தாயியின் மினுமினுப்பும் டபுள் பேஸ் வாத்தியத்தின் அடிநாதமும் பெரும்பாலும் வழியிலேயே கழிந்துபோயின. ரொமாண்டிக் யுகத்து இசையமைப்பாளர்கள் தம் உள்ளத்தைப் புலப்படுத்தக் கையாண்ட பிரதான உபாயமாகிய மென்மைக்கும் முழக்கத்துக்கும் இடையிலான அந்தப் பெரும் தூரத்தை, யந்திரம் இவ்வாறு சுருக்கிவிட்டது. நாதத்தில் கழிந்ததை வார்த்தையால் ஈடுகட்டும் அவசியத்திலிருந்தே, இசையமைப்பாளரை ஒரு கதாபாத்திரமாக நேயர் முன் நிறுத்தும் வழக்கம் வானொலியில் வேரூன்றியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

அவ்வழக்கத்துக்கு இடம் கொடுத்தவர்கள் அந்த மேதைகளே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1827-இல் பாரிஸ் நகரில் ஹாம்லெட் நாடகத்தில் ஒபீலியாவாக நடித்த ஹாரியட் ஸ்மித்ஸன் என்ற ஐரிஷ் நடிகையைக் கண்டு சித்தம் கலங்கிய பெர்லியோஸ், 1830 டிசம்பர் 5 அன்று ‘சிம்பொனி பாண்டாஸ்டிக்’ அரங்கேறிய சமயத்தில், அதன் கதையைத் தாமே எழுதி அச்சிட்டுச் சபையோருக்கு வழங்கினார். அதன் மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், மேடையிலுள்ள இங்கிலிஷ் ஹார்ன் ஓர் இடையனின் குழல்போல் அழைக்க, மேடைக்குப் பின்னாலிருந்து ஓபோ மறுமொழி கூறுகிறது. முடிவில் ஹார்ன் மீண்டும் அழைக்கும்போது மறுமொழி இல்லை, டிம்பனி முரசுகளின் தூரத்து இடியோசை மட்டுமே கேட்கிறது. ஆயினும் 1855-இல் வெளியிட்ட பிரதியில், சிம்பொனியை மட்டும் தனியே வாசிக்கும்போது கதைத்தாள் இல்லாமலும் நடத்தலாம், தலைப்புகளே போதும் என்று பெர்லியோஸ் தளர்த்திக்கொண்டார். அவர் விலக்கிக்கொண்ட துணையை வானொலி மறுபடியும் கட்டாயமாக்கிற்று. மேடைக்குப் பின்னே ஒரு வாத்தியம் இருக்கிறது என்பதே, ஒற்றை ஒலிபெருக்கியின் முன் அமர்ந்தவருக்கு எடுத்துச் சொன்னால்தானே தெரியும்!

ஷூமனும் 1834-இல் தாம் தொடங்கிய இசைப் பத்திரிகையில், ஆவேசம் மிக்க புளோரெஸ்டான் என்றும் கனவில் ஆழ்ந்த யூசேபியஸ் என்றும் தம்மையே இரு மனிதர்களாகப் பிரித்துக்கொண்டு எழுதியவர். தம் கையெழுத்துப் பிரதிகளையும் கடிதங்களையும் பெருமளவு அழித்துவிட்டுப் போன பிராம்ஸ் ஒருவர்தாம் இக்கதைகளுக்கு எளிதில் அகப்படவில்லை; அவருடைய தாடியையும் முரட்டுப் பேச்சையும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்?

பிரிட்டனில் பி.பி.சி. தோன்றிய மறு ஆண்டே, 1923-இல், பெர்சி ஷோல்ஸ் அதன் சங்கீத விமர்சகராக அமர்ந்தார். 1926-இல் வால்போர்டு டேவிஸ் பியானோவின் அருகில் அமர்ந்து, ஸ்வரங்களை வாசித்துக் காட்டிக்கொண்டே சாமானிய நேயருக்கான பிரசங்கங்களைத் தொடங்கினார். இவ்விருவரும் வாழ்க்கை வரலாற்றைவிட ராக வடிவையே முதன்மையாகக் கருதியவர்கள். மனிதரை முன்னே நிறுத்தும் போக்கு முழு வலிமை பெற்றது, விளம்பரதாரர்களின் தயவில் வானொலி வளர்ந்த அமெரிக்காவில்தான்.

அங்கே 1928 முதல் 1942 வரை என்.பி.சி. நிலையத்தார் பள்ளிச் சிறார்க்காக நடத்திய சங்கீத ரசனை நிகழ்ச்சியின் நாயகர் வால்டர் டாம்ரோஷ். வைமார் நகரில் லிஸ்டின் தலைமையில் வயலின் வாசித்தவரின் மகன்; 1891 மே மாதம் நியூயார்க்கில் கார்னெகி மண்டபம் திறக்கப்பட்டபோது சைக்கோவ்ஸ்கியை அழைப்பித்தவர். ஏட்டிலே படித்தவர் சொல்வதற்கும், கைகுலுக்கிப் பழகியவர் சொல்வதற்கும் பேதம் உண்டல்லவா? இசையமைப்பாளர்களின் ஜீவிய சரித்திரத்துக்கென்றே அந்நிகழ்ச்சியில் தனி வரிசை ஒன்று இருந்தது. அதே காலத்தில் சிக்மண்ட் ஸ்பேத் என்பவர், புகழ்பெற்ற சிம்பொனிகளின் முக்கிய மெட்டுகளுக்கெல்லாம் பாட்டுகள் கட்டி, அவற்றை மனப்பாடம் செய்தால் ராகம் நினைவில் நிற்கும் என்று 1936-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அப்பாட்டுகளை ஒரு முறை கற்றவர், பிறகு ஷூபர்ட்டைப் பாட்டில்லாமல் கேட்பது எவ்வளவு சிரமம் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இப்போக்கின் சிகரம் டீம்ஸ் டெய்லர். நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளில், இடைவேளைப் பேச்சாளராக 1936 முதல் சி.பி.எஸ். ஒலிபரப்பில் அவர் குரல் கேட்டது. அகங்காரமும் கடன்வாங்கித் திருப்பாத வழக்கமும் நன்றிகெட்ட தனமும் நிரம்பிய ஒருவரை, பெயரே சொல்லாமல் நெடுநேரம் வருணித்துக்கொண்டே போய், கடைசியில் அவர்தாம் வாக்னர் என்று வெளிப்படுத்தி, அத்தகைய படைப்புகளைத் தந்தவரின் குற்றங்கள் இப்போது ஒரு பொருட்டல்ல என்று முடித்த அவருடைய பேச்சு, 1937-இல் நூலிலும் இடம்பெற்றது. சாமர்த்தியமான பேச்சுத்தான். ஆனால், வாக்னரின் யூத துவேஷம் எத்தகைய ஆட்சிக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்பதைக் கண்ணெதிரே கண்ட அந்த ஆண்டில், குற்றங்களைச் சுவையான வேடிக்கையாக்கி மன்னித்துவிடுவது நியாயமாகுமா என்ற கேள்வி இன்றைய வாசகருக்கு எழாமல் இராது.

இவை யாவற்றையும் கடுமையாகக் கண்டித்தவர் தியோடர் அடார்னோ. 1938-இல் அமெரிக்கா சேர்ந்து, பிரின்ஸ்டன் வானொலி ஆராய்ச்சித் திட்டத்தில் பணிபுரிந்த அவர், வானொலியில் சிம்பொனி தன் முழுமை இழந்து மேற்கோள்களின் தொகுப்பாகிவிடுகிறது என்றும், டாம்ரோஷின் நிகழ்ச்சி இசையைக் கேட்கக் கற்பிக்காமல் பெயர்களை அடையாளம் கண்டு மகிழக் கற்பிக்கிறது என்றும் எழுதினார். குற்றச்சாட்டில் உண்மை மிகுதி. ஆனால் பிராங்க்பர்ட்டில் பிறந்து வியன்னாவில் ஆல்பன் பெர்க்கிடம் பயின்றவருக்கு, வாத்தியக் குழுவையே காணாத சிற்றூரில் ஒருவர் பெர்லியோஸ் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்பதன் அருமை புலப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

கதை உண்மையை மறைத்த இடங்களும் உள. ஆறாவது சிம்பொனி அரங்கேறிய ஒன்பதாம் நாள் சைக்கோவ்ஸ்கி காலமானார். அதைக்கொண்டு அச்சிம்பொனியை மரண சாசனமாகவே பேசுவது எளிதாயிற்று. தம் படைப்புகளில் இதுவே தலைசிறந்தது என்று அவர் பூரிப்போடு கடிதம் எழுதிய செய்தி அந்தச் சோகக் கதைக்குப் பொருந்தாது.

1955 மே 2 அன்று இங்கிலாந்தின் ரோதம் நிலையத்திலிருந்து பி.பி.சி. எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியபோது இரைச்சல் பெரிதும் அடங்கி, பஸூனின் அந்த நான்கு ஸ்வரங்களுக்கும் வீட்டிலேயே இடம் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் அந்தோணி ஹாப்கின்ஸ் தொடங்கிய வானொலி இசைப் பேச்சுகளில் இசையமைப்பாளரின் வாழ்வு பின்னுக்குப் போய், படைப்பின் அமைப்பே பொருளாயிற்று. அவை 1992 வரை நடைபெற்றன.