கோட்டை தெரியும், தெரு தெரியுமா?

செஞ்சிக் கோட்டையின் கதையைக் கேளுங்கள். நம் மாணவர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பர். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது. 1714-இல் தேசிங்கு களத்தில் வீழ்ந்தான். 1750-இல் பிரஞ்சுக்காரர் புகுந்தனர். 1761-இல் ஆங்கிலேயர் பறித்துக்கொண்டனர். வென்றவன் பெயர் தெரியும். வீழ்ந்தவன் பெயரும் தெரியும். ஆனால் சக்கரக் குளத்தை வெட்டிய கை யாருடையது? இராசகிரியின் உச்சிக்குக் கல் சுமந்த தோள் யாருடையது? அதைச் சொல்ல ஏடு வாய் திறப்பதில்லை!

அண்ணாமலைப் பல்கலைக் கழக வரலாற்றுப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி, செஞ்சியையும் அதன் அரசர்களையும் பற்றி 1943-இல் பெருநூல் ஒன்று ஆக்கித் தந்தார். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம்; பள்ளியில் வரலாறு நடத்தும் நமக்கு அது துணைநூல். எனினும் ஒன்று கேட்போம்: ஆண்டவர் வரலாற்றைப் பல்கலைக் கழகம் எழுதிவிட்டது. வாழ்ந்தவர் வரலாற்றை எழுதப்போவது யார்?

கற்றவரும் தெருவாரும் கூடி அமர்ந்தாலன்றி அந்த வரலாறு எழுதப்படாது. அப்படிக் கூடி அமர்ந்த இடங்கள் உலகில் உண்டு. பல்கலைக் கழகம் படியிறங்கி வந்த அந்த வரலாற்றை இளைஞர்கள் அறியவேண்டும்.

1884-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியில், சாமுவேல் பார்னெட்டும் அவர் துணைவியார் என்றியட்டாவும் டாயின்பி மன்றத்தை நிறுவினர். ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு மாணவர்கள் அங்கே வந்து தங்கினர். ஏழையின் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர். கற்பிக்க வந்தவர்கள் கற்றுச் சென்றனர். அங்கிருந்த இளைஞர்களுள் ஒருவர் வில்லியம் பெவரிட்சு. வேலையில்லாதவன் சோம்பேறி என்று மேலோர் பேசிய நாளில், வேலையின்மை சமுதாயத்தின் நோய் என்று அவர் உணர்ந்தார். பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அடிப்படையான 1942-ஆம் ஆண்டு அறிக்கை அவர் அளித்ததே!

டாயின்பி மன்றத்தைக் கண்டு திரும்பிய சேன் ஆடம்சு, 1889-இல் அமெரிக்க நாட்டுச் சிகாகோவில் அல் மனையைத் தொடங்கினார். குடியேறிய தொழிலாளர் வாழ்ந்த அந்தப் பகுதியில் குப்பை மலையாய்க் குவிந்தது; குழந்தைகள் மடிந்தன. விதி என்று அவர்கள் அழுதிருந்தார்களா? இல்லை! மனையோடு இணைந்த பெண்கள் மன்றத்தார் 1894-இல் சந்து சந்தாக நடந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறைகளைக் கணக்கெடுத்து நகராட்சியின் முன் வைத்தனர். மறு ஆண்டு ஆடம்சே அந்த வட்டாரத்தின் குப்பை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். கடவுள் தூக்காத குப்பையைக் கணக்கு தூக்கிற்று!

இந்த எண்ணம் நம் நாட்டுக்கும் வந்தது. இசுகாட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிசு, நகரங்களைப் பற்றிய படங்களும் வரைவுகளும் அடங்கிய கண்காட்சியை 1914-இல் கப்பலேற்றினார். சென்னையைக் குண்டு வீசி நடுக்கிய அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. அவர் தளரவில்லை. புதிதாகத் திரட்டி 1915 சனவரியில் சென்னையில் காட்சி வைத்தார். தமிழகத்து ஊர்களில் தெருத்தெருவாக நடந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்ச்சாலை போட வகுத்த திட்டத்தைப் பார்த்துவிட்டு, பாழ்மனைகள் சிலவற்றை மட்டும் அகற்றினால் போதும், காற்றும் வெளியும் கிடைக்கும், செலவும் பன்மடங்கு குறையும் என்று காட்டினார். அளந்த பின்னரே அறுக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அவரே இந்தூர் நகரில் துப்புரவுத் தொழிலாளரைத் தூய ஆடையுடுத்தி, மாலை சூட்டி, ஊர்வலத்தில் பெருமையோடு நடக்கச் செய்தார். நல்ல செயல்தான். ஆனால் மறுநாள்? மாலை வாடிற்று, கூடை தலைக்குத் திரும்பிற்று! மனிதக் கழிவை மனிதன் சுமப்பதைத் தடுக்கும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அது போதாமல் 2013-இல் மற்றொன்றும் வந்தது. ஒருநாள் மரியாதை உரிமை ஆகாது என்பதே அந்த ஊர்வலம் நமக்குத் தரும் பாடம்.

இனி நம் தென்னார்க்காட்டுக்கே வருவோம். சென்னைப் பல்கலைக் கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், கேள்வித்தாள் ஒன்றைத் தம் மாணவரிடம் கொடுத்து, அவரவர் ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். அவ்வாறு 1916-இல் ஆராயப்பட்ட ஊர்களுள் ஒன்று இருவேல்பட்டு. செஞ்சி இன்று அடங்கியுள்ள விழுப்புரம் மாவட்டத்தில்தான் அது இருக்கிறது. 1918-இல் நூல் வெளிவந்தது. கடன்பட்டு ஆண்டையின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த படியாளின் நிலை ஏட்டில் ஏறிற்று. 1930-களிலும், 1960-களிலும், 1980-களிலும், 2008-இலும் ஆய்வாளர்கள் அவ்வூருக்குத் திரும்பத் திரும்பச் சென்றனர். படியாள் முறை மறைந்ததையும், நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததையும், ஒடுக்கப்பட்ட மக்கள் வெளியூர் வேலைகளால் ஓரளவு தம் காலில் நிற்பதையும் கண்டனர். எழுதி வைத்ததனால் அல்லவா மாற்றத்தை அளக்க முடிந்தது?

ஆனால் அங்கும் ஒரு குறை. கேள்வியை வகுத்தது பல்கலைக் கழகம். விடை சொன்னது ஊர். கேள்வி கேட்கும் உரிமை சேரிக்குக் கிட்டவில்லை. கேட்பவன் ஒருவனாகவும் சொல்பவன் ஒருவனாகவும் இருக்கும் வரை அது கணக்கெடுப்பு; இருவரும் கேட்டு இருவரும் சொல்லும்போதுதான் அது கல்வி.

2025 சூலையில் செஞ்சி உலக மரபுச் சின்னமாயிற்று. மராட்டியர் படைத்தளங்கள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகள். 11 மராட்டிய மாநிலத்தில், ஒன்று செஞ்சி. உலகு தந்த பெருமையிலும் ஆண்டவர் பெயரே முன்நிற்கிறது! இனிப் பயணிகள் வருவர், விடுதிகள் எழும், நிலத்தின் விலை ஏறும். அப்போது யாருடைய தெரு அகலும்? யாருடைய குடிசை அகற்றப்படும்? இன்றே எழுதி வைக்காவிட்டால் நாளை எதைக் காட்டி வழக்காடுவது?

கருவி இல்லாமல் இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் 37 பல்கலைக் கழகங்களில் தொடங்கியது. இன்று கல்லூரிதோறும் உள்ளது. ஆனால் ஏழு நாள் முகாமில் என்ன நடக்கிறது? தெருவைக் கூட்டுகிறோம், படம் எடுக்கிறோம், பேருந்து ஏறுகிறோம். கூட்டியவன் பெயர் சான்றிதழில் வருகிறது. நாள்தோறும் கூட்டுபவள் பெயரை நாம் கேட்டதுண்டா?

இனிவரும் முகாம் வேறு வகையாய் அமையட்டும். முதல் நாள் துடைப்பத்தைத் தொடவேண்டாம், நடப்போம். எந்தத் தெருவுக்குக் குழாய் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை, மழைநீர் எங்கே தேங்குகிறது, சுடுகாட்டுக்குப் பாதை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தெருவாரோடு சேர்ந்து வரைபடம் எழுதுவோம். கல்லுடைத்த கிழவரும் பூக்கட்டும் அம்மையும் ஆசிரியராக அமரட்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அரசு ஏட்டில் விடை தேடிக் கொடுப்பது மாணவன் வேலையாகட்டும். எழுதிய ஏட்டின் படி ஒன்று கல்லூரியில் இருக்கட்டும். மற்றொன்று சேரியின் படிப்பகத்தில் இருக்கட்டும். மறு ஆண்டு அதே தெருவுக்கு மீண்டும் செல்வோம்; சென்ற ஆண்டு எழுதியதில் எது மாறிற்று என்று கேட்போம்.

மூன்று மலைகளையும் அண்ணாந்து பார்த்தது போதும், தோழர்களே! அடிவாரத்தில் தெருக்கள் இருக்கின்றன. அங்கே இறங்கி நடப்போம்.