'நிறைய ஆர்டர் வரணும்'னு சொன்னா அது டார்கெட் இல்லை! என்கொயரியை எண்ணிப் பழக ஒரு டெல்டா கணக்கு

'2 கிலோ விதை நெல் எடுத்துட்டுப் போங்க. அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் கொடுங்க.'

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திவந்த 'நெல்' ஜெயராமன், விதை வாங்க வந்த விவசாயிகளிடம் வைத்த நிபந்தனையின் சாரம் இதுதான். 2018 டிசம்பரில் காலமான அவர், 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டவர். 'எல்லாரும் பாரம்பரிய நெல் போடுங்க' என்று சொல்வது ஆசை. யார், எவ்வளவு, எப்போது என்று சொல்லிவிட்டால் அது இலக்கு.

விதை பெருகிவிட்டது. இப்போது அரிசியை விற்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று இன்ஸ்டாவிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் இளைஞர்களுக்கு இதில் ஒரு நெருக்கடி உண்டு. பாரம்பரிய ரகங்களில் மகசூல் பொதுவாகக் குறைவு. நேரடியாக நல்ல விலைக்கு விற்றால்தான் கட்டுப்படியாகும். ஆள் கிடைக்கவில்லை என்றால், வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். மருந்து போடாத அரிசியை ரொம்ப நாள் வைத்திருந்தால் வண்டு வேறு வரும்.

'கிலோ என்ன விலை?', 'சென்னைக்கு அனுப்புவீங்களா?' என்று வரும் ஒவ்வொரு மெசேஜும் ஒரு என்கொயரி. மார்க்கெட்டிங் ஆட்கள் இதை 'லீட்' என்பார்கள். இதைப் பெருக்க நான்கு வழிகள் இருக்கு.

1. பின்னாலிருந்து கணக்கு போடுங்க

உதாரணத்துக்கு, கையில் 360 கிலோ அரிசி இருக்கு, 12 வாரத்தில் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 30 கிலோ. ஓர் ஆர்டருக்கு சராசரி 3 கிலோ என்றால், வாரத்துக்கு 10 ஆர்டர். விசாரிக்கும் 5 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், வாரத்துக்கு 50 என்கொயரி. அதாவது தினமும் ஏழு பேர் உங்களிடம் விலை கேட்க வேண்டும்.

'நிறைய' என்ற வார்த்தை 'ஏழு' என்று ஆகிவிட்டது இல்லையா? இனி இன்றைக்கு நல்ல நாளா, மந்தமான நாளா என்று ராத்திரி படுக்கும்போதே தெரிந்துவிடும். 5 பேரில் ஒருவர் என்பது ஆரம்பத்தில் ஓர் ஊகம்தான். இரண்டு வாரம் எண்ணினால் உங்கள் சொந்தக் கணக்கு கிடைத்துவிடும்.

2. 'மாவுக்கு எத்தனை மூட்டை?'

அறுவடை முடிந்ததும் டெல்டாவில் கேட்கும் கேள்வி, 'மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?' என்பதுதான். நிலம் எவ்வளவு பெரிசு என்பது அப்புறம். என்கொயரிக்கும் இதே கேள்விதான்.

மேலே சொன்ன கணக்குப்படி 2 வாரத்தில் 20 ஆர்டர் வந்திருக்க வேண்டும். வந்தது 10 என்று வைப்போம். இன்ஸ்டாவிலிருந்து 60 என்கொயரி, 4 ஆர்டர். பழைய கஸ்டமர் சொல்லி வந்தவர்கள் 12 பேர், 6 ஆர்டர். இன்னும் 10 ஆர்டர் வேண்டுமானால் இன்ஸ்டாவில் 150 பேர் விசாரிக்க வேண்டும். தெரிந்தவர் சொல்லி வருபவர்களாக இருந்தால் 20 பேர் போதும். இது தெரியாமல் ரீல்ஸுக்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் உழைப்பு வீண்.

பதரையும் பிரிக்க வேண்டும். எவ்வளவு வேண்டும், எந்த ஊர், எப்போது வேண்டும் என்ற மூன்றையும் சொல்பவர்தான் முழு என்கொயரி. 'சூப்பர் ப்ரோ' என்று கமென்ட் போடுபவரை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

3. பதில் போடும் நேரத்துக்கும் டார்கெட் வைங்க

2011-ல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையம் வழியாக என்கொயரி அனுப்பிச் சோதித்தார்கள். 23 சதவிகித நிறுவனங்கள் பதிலே தரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டவர்களுக்கு, அதற்கும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, வாங்கும் முடிவெடுப்பவரிடம் உருப்படியாகப் பேசும் வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு இருந்தது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது.

அவை அமெரிக்க நிறுவனங்கள். ஆனால், ராத்திரி 9 மணிக்கு விலை கேட்டவர் காலையில் வேறு பக்கம் வாங்கிவிடுவது இங்கேயும் நடக்கிறதுதானே? வாட்ஸ்அப் பிசினஸில் விலைப் பட்டியலை 'குயிக் ரிப்ளை'யாகச் சேமித்துவையுங்கள். புதியவர், பணம் பாக்கி, அனுப்பியாச்சு என்று லேபிள் போடுங்கள். 'பகலில் வரும் என்கொயரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில்' என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

4. உங்க கையில் இருப்பதை எண்ணுங்க

50 பேர் விசாரிப்பது முழுக்க உங்கள் கையில் இல்லை. வாரத்துக்கு 10 பழைய கஸ்டமர்களிடம் 'கஞ்சி எப்படி இருந்துச்சு? வேற யாருக்காச்சும் வேணுமா?' என்று கேட்பது உங்கள் கையில்தான் இருக்கு. அரிசி ஊறவைக்கும் நேரம், வேகும் பதம் சொல்லும் 3 வீடியோ போடுவதும் அப்படித்தான். மழை பெய்வது நம் கையில் இல்லை, வாய்க்காலைத் தூர்வாருவது நம் வேலை.

1981-ல் ஜார்ஜ் டோரன் என்பவர் 'ஸ்மார்ட்' இலக்குகள் பற்றி எழுதினார். அதில் 'ஏ' என்ற எழுத்துக்கு அவர் முதலில் கொடுத்த பொருள், வேலை யார் பொறுப்பு என்பது. வீட்டில் அக்கா பேக்கிங், தம்பி போன், அப்பா அரவை மில் என்று பெயர் எழுதிப் பிரித்துவிடுங்கள். 'யாராச்சும் பார்த்துப்பாங்க' என்று விட்ட மெசேஜ்தான் பதில் போகாமல் கிடக்கும்.

இதையும் கவனிங்க

* கேட்காமல் யாரையும் குரூப்பில் சேர்க்காதீர்கள். பிளாக் செய்துவிட்டால் அந்த ஆளே போச்சு.
* வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பும் மெசேஜ், உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்குத்தான் போகும். 'நம்பரை சேவ் பண்ணிக்கோங்க' என்று ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சீட்டு வையுங்கள்.
* சம்பா அறுவடை முடியும் தை, மாசி கணக்கை வைத்து ஆடி மாதத்துக்கு டார்கெட் போடாதீர்கள். இருக்கும் சரக்கைப் பார்த்து மாற்றுங்கள்.
* டார்கெட்டைத் தினமும் மாற்றாதீர்கள். இரண்டு வாரம் முழுசாக ஓடட்டும்.

இதற்கு ஆப் எதுவும் வாங்க வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, எங்கிருந்து வந்தார், என்ன கேட்டார், எத்தனை மணிக்குப் பதில் போட்டோம், வாங்கினாரா என்று ஐந்து கட்டம் போடுங்கள். 14 நாள் விடாமல் எழுதுங்கள். அடுத்த மூட்டை அரிசியை யாரிடம் விற்கலாம் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.