நிலையை நிர்ணயிக்கும் இரு குணங்கள்: சென்னை ஐஸ் ஹவுஸை முன்னிட்டு ஓர் ஆய்வு

காந்தம், மின்சாரம் முதலியவற்றின் பாதிப்பு இல்லாத, அளவு குறித்த ஒரு தூய பதார்த்தத்தின் வெப்ப இயக்க நிலையை நிர்ணயிக்க, ஒன்றையொன்று சாராத இரு குணங்கள் போதும் என்பது இன்று பாடநூல்கள் தொடக்கத்திலேயே விதிக்கும் சித்தாந்தம். ஆயினும் எந்த இரண்டு என்னும் வினா தெளிவுபெற, பாயில் 1662-இல் வாயுவின் அழுத்தத்துக்கும் கனபரிமாணத்துக்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிட்ட பின்னும் இரு நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. ராயப்பேட்டைக்குக் கிழக்கே, கடற்கரைச் சாலையில் நிற்கும் ஐஸ் ஹவுஸில் ஒருகாலத்தில் குவிந்திருந்த சரக்கே அவ்வினாவுக்குத் தக்க உதாரணம் என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வாயுக்களைப் பற்றிய விதிகளைக் கிளாப்பிரான் 1834-இல் ஒரே சமன்பாட்டில் அடக்கியபோது, அழுத்தம், கனபரிமாணம், உஷ்ணநிலை ஆகிய மூன்றில் எவ்விரண்டை அறிந்தாலும் மூன்றாவது தானே பெறப்படும் என்பது தெளிவாயிற்று. கருவிகளால் எளிதில் அளக்கத்தக்க அழுத்தமும் உஷ்ணநிலையுமே எங்கும் போதும் என்று கொள்ள இதனால் இடமுண்டு. பனிக்கட்டியோ அதற்கு இணங்குவதில்லை.

பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றிய 180 டன்னில் கரை சேர்ந்தது ஏறத்தாழ 100 டன். இவ்வாறு கடல்கடந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்கவே சென்னையின் ஐஸ் ஹவுஸ் 1842-இல் எழுந்தது. உருகும் பனிக்கட்டியும் அதனோடு கலந்த நீரும் சமநிலையில் இருக்கும்வரை, கட்டி பெரும்பகுதி எஞ்சியிருப்பினும் சிறு துண்டாய்க் குறுகியிருப்பினும், உஷ்ணமானி பூஜ்யத்தையே காட்டும். வளிமண்டல அழுத்தமும் மாறுவதில்லை. ஆகவே இவ்விரு அளவுகளையும் அறிந்தவனுக்கும் கட்டி எவ்வளவு, நீர் எவ்வளவு என்பது தெரியாது.

இதன் காரணத்தை 1849-இல் ஜேம்ஸ் தாம்ஸனின் ஆராய்ச்சி புலப்படுத்தியது. அழுத்தம் ஏற ஏறப் பனிக்கட்டி உருகும் உஷ்ணநிலை தாழும் என்று அவர் கணித்ததை, அவர் சகோதரர் வில்லியம் மறு ஆண்டே சோதனையால் உறுதிசெய்தார். இரு வடிவங்களும் உடனிருக்கையில் அழுத்தம் உஷ்ணநிலையைக் கட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே செய்தியையே தருகின்றன. மாறாகக் கனபரிமாணம் சுதந்திரமானது: பூஜ்ய டிகிரியில் ஒரு கிலோகிராம் கலவை 1,000 கன சென்டிமீட்டர் இருப்பின் முழுதும் நீர், ஏறத்தாழ 1,091 ஆயின் முழுதும் கட்டி, 1,045 எனில் ஏறக்குறையச் சரிபாதி.

இவ்வுண்மையைப் பொதுமையாக்கியவர் அமெரிக்க அறிஞர் வில்லார்ட் கிப்ஸ். 1873-இல் அவர் கனபரிமாணத்தையும், கிளாசியஸ் 1865-இல் பெயரிட்ட என்ட்ரோபியையும் ஆதாரமாகக் கொண்டு, பதார்த்தத்தின் சக்தியை ஒரு பரப்பாக வரைந்தார்; அப்பரப்பை மாக்ஸ்வெல் சுதையில் வடித்து அவருக்கு அனுப்பினார். கட்டி, நீர், ஆவி மூன்றும் உடனிருக்கும் 0.01 டிகிரியில் அழுத்தமும் உஷ்ணநிலையும் மாற்ற இயலாதவையாய் நின்றுவிட, அப்போதும் மூன்றின் விகிதங்களையும் நிர்ணயிக்க வல்லவை கிப்ஸ் தெரிந்த அவ்விரண்டே. 1875 முதல் 1878 வரை வெளியான அவரது பெருங்கட்டுரையின் விதிப்படி, கூறுகளின் எண்ணோடு இரண்டைக் கூட்டி, உடனிருக்கும் வடிவங்களின் எண்ணைக் கழித்தால், சுதந்திரமாக மாற்றத்தக்க அழுத்தம் முதலிய குணங்களின் எண்ணிக்கை கிடைக்கும். கட்டியும் நீரும் கலந்தவிடத்து அது ஒன்றே.

எனவே குணங்களை எண்ணுவதற்கு முன், அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றனவா என்று சோதிப்பதே முறை. நம் கல்லூரி ஆசிரியர்கள் இச்சித்தாந்தத்தை வாயுவோடு நிறுத்தாமல், ஒரு குவளைப் பனிக்கட்டி நீரையும் மாணவர் முன் வைத்துப் போதிப்பார்களாக.