கார்புரேட்டர் மேல் பழி வேண்டாம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் அம்பாசிடருக்கு அதுவே தூரம். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடும், கார்புரேட்டருக்கு ஏறாது. பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பும். அந்தக் கால டிரைவர்களின் கைவைத்தியம் இது.

உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. அதற்கு முன்பே பெட்ரோல் மாறத் தொடங்கிவிட்டது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாத பெட்ரோல். புதுக் கார்களில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். இன்றோ பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, விரிசல் விடும். டாங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கு கிளம்பி ஜெட்டை அடைக்கும். வண்டி ஓடாமல் நின்றால் எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்.

நம் பார்க்கிங்கில் அப்பா காலத்துக் காரை நிறுத்தியிருப்பவர்களே, பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைப் போடாதீர்கள். கீழே கசிவு இருந்தால் அது உங்கள் காரோடு நிற்காது, மேலே நாம் எல்லோரும் குடியிருக்கிறோம். மெக்கானிக்கிடம் எத்தனால் தாங்கும் குழாய், புது டயாப்ரம், பில்டர் மூன்றையும் முதலில் மாற்றச் சொல்லுங்கள். கார்புரேட்டரைக் கழற்றுவது அதற்கப்புறம்தான்.