ஒரே சாயல், இரண்டு பிழைகள்

காஞ்சி நகரின் மேற்கு ஓரத்துக்குப் போனால் கைலாசநாதர் கோயிலும் அதன் முன்னே மகேந்திரவர்மேசுவரம் என்ற சிற்றாலயமும் இருக்கின்றன. பெயரைப் பார்த்து, மண்டகப்பட்டுக் குகையைக் குடைந்த முதலாம் மகேந்திரவர்மன் கட்டியது என்று எண்ணினால் கணக்கு ஏறத்தாழ நூறாண்டு பிசகிவிடும். கட்டியவன் பிற்காலப் பல்லவ மன்னன் இராஜசிம்மனின் மகன்; அங்குள்ள வடமொழிக் கல்வெட்டே அப்படிச் சொல்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் தந்தை யார், காலம் எது என்று ஒத்துப்பார்ப்பது கல்வெட்டாய்வின் பாலபாடம். மென்பொருள் பிழைகளின் வரலாற்றுக்கும் அந்தக் கறார் தேவை. 2024 ஜூலையில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் தொடர்பாக ஒரு வார இடைவெளியில் வெளியான இரண்டு அறிக்கைகளே அதற்குச் சான்று.

ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது முதல் அறிக்கை; பிழைகளைப் பட்டியலிடும் சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2024-6387. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வருபவர் 120 நொடிக்குள் அடையாளத்தை நிரூபிக்காவிட்டால், அம்மென்பொருளின் எஸ்எஸ்எச்டி என்ற சேவை நிரலுக்கு 'சிக்அலார்ம்' என்ற சமிக்ஞை வரும். அதைக் கையாளும் பகுதி 'சிஸ்லாக்' மூலம் பதிவு எழுதப் போகும். நிரல் அப்போது நினைவகத்தை ஒதுக்கும் வேலையில் பாதியில் நின்றிருந்தால், அதே வேலை உள்ளே மறுபடி தொடங்கி எல்லாம் குலையும். அந்தக் குலைவைப் பயன்படுத்தி கணினியை முழுதும் ஆளும் ரூட் அதிகாரத்தையே கைப்பற்ற முடியும் என்று 32-பிட் லினக்ஸில் காட்டினார்கள்; சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகள் வேண்டியிருந்தன. பிழை புதிதும் அன்று. 2006இல் மார்க் டவ்ட் என்ற ஆய்வாளர் கண்டறிந்து திருத்தப்பட்டதுதான், 2020இல் செய்த ஒரு மாற்றத்தில் காவலாக இருந்த வரி விடுபட்டதால் திரும்பி வந்தது.

ஜூலை 8 அன்று சோலார் டிசைனர் என்ற பெயரில் அறியப்படும் ஆய்வாளர் இரண்டாவதை, சிவிஇ-2024-6409ஐ, அறிவித்தார். அதே மென்பொருள், அதே சமிக்ஞை, அதே 120 நொடி. முதல் அறிக்கையின் மறுபதிப்பு என்று யாரும் நினைக்கக்கூடும். ஆனால் இதன் வேர் வேறு. லினக்ஸ் வெளியிடும் ரெட் ஹேட் நிறுவனம் தன் தணிக்கைத் தேவைக்காகச் சேர்த்திருந்த ஒட்டுநிரல்தான், நிரல் முடியும் வேளையில் ஓடும் பகுதியைப் பாதுகாப்பற்றதாக்கியது. ஆகவே ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9, ஃபெடோரா 36, 37 போன்றவற்றோடு பாதிப்பு நின்றது. குலைவு நிகழ்வதும் அதிகாரம் குறைக்கப்பட்ட துணைச்செயலில். ரூட் அதிகாரம் நேரே கைக்கு வராது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதானே, எதற்குத் தனி எண் என்று கேட்கலாம். 120 நொடிக் கெடுவைப் பூஜ்யமாக்கினால் இரண்டுமே அடங்கும் என்பது உண்மை. ஆனால் அப்படிச் செய்தால் இணைப்புகளை நிரப்பியே சேவையை முடக்கிவிடலாம் என்பதால் சிலர் வேறு வழி தேடினார்கள்: பதிவை சிஸ்லாகுக்கு அனுப்பாமல் பிழை வெளியீட்டுக்குத் திருப்புவது. அது முதல் பிழையைத் தடுத்தது. இரண்டாவதை முழுமையாகத் தடுக்கவில்லை. இரண்டையும் ஒன்றெனக் கொண்ட நிர்வாகி, பூட்டாத கதவைப் பூட்டியதாக நம்பியிருப்பார். எண்கள் பெருகினால் குழப்பமும் பெருகும் என்ற வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே பிழைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்த குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999இல் சிவிஇ பட்டியலே தொடங்கியது. ஆனால் ஒரு பிழைக்குப் பல பெயர் இருந்தால் உழைப்புதான் வீணாகும். பல பிழைக்கு ஒரு பெயர் இருந்தால் ஒன்று திருத்தப்படாமலே தங்கிவிடும். 2006ஆம் ஆண்டுப் பிழைக்கு டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வெளியீடு போட்ட ஒட்டு சரியாக அமையாததால் 2008இல் அதற்கும் தனி எண் கொடுக்க நேர்ந்தது. தனி எண் இருந்ததால்தான், பழைய பதிப்பு வைத்திருப்பவர் இரண்டு திருத்தங்களும் தன்னிடம் உள்ளனவா என்று 2024இல் சரிபார்க்க முடிந்தது. பிழைகளை அறிகுறியால் அடையாளம் காண்பது தொடக்கத்துக்கு உதவும். எண் கொடுக்கும்போது எந்த வரியில், யாருடைய பதிப்பில், எந்த அதிகாரத்தில் நிகழ்கிறது என்று பார்த்தே பிரிக்க வேண்டும்.