வரிசையில் நிற்காத ஆள்

செவுள் வலையைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீருக்குள் திரைச்சீலை மாதிரி தொங்கும். மீன் தலையை நுழைக்கும். உடம்பு நுழையாது. சரி, திரும்பிவிடலாம் என்று பின்வாங்கினால் செவுள் சிக்கிக்கொள்ளும். அவ்வளவுதான், குழம்பு! வலைக்கண் பெரிதாக இருந்தால் குஞ்சுகள் தப்பிப் போய்விடும். அடுத்த வருஷத்துச் சோறு அந்தக் கண்ணின் அளவில்தான் இருக்கிறது.

கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற எண்ணூர் முகத்துவாரத்தில், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஜனங்களின் பிழைப்பு இந்தக் கழிமுகத் தண்ணீரை நம்பித்தான். பாதி உப்பு, பாதி நன்னீர். கடல் இறாலின் குஞ்சு வளர உள்ளே வரும். மடவை, கொடுவா, நண்டு எல்லாம் உண்டு.

எல்லோரும் ஒரே இடத்தில் வலையைப் போட்டால் அடிதடிதானே? அதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தார்கள், இதே நீர்ப்பரப்பின் வடகோடியான பழவேற்காட்டில். பெயர் 'பாடு'. ஊரின் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. பிரமாதமான ஏற்பாடு! ஆனால், பட்டியலில் இருப்பவனுக்குத்தான் பிரமாதம். பாடு இல்லாத ஊர்க்காரர்கள் 'எங்களுக்கும் தண்ணீர் வேண்டும்' என்று கேட்டபோது தகராறு கோர்ட் வரை போனது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கடலிலும் இதே சண்டைதான். விசைப்படகா, கட்டுமரமா என்று அடித்துக்கொண்ட பிறகு, 1983-ல் தமிழக அரசு சட்டம் போட்டது. கரையிலிருந்து 3 கடல் மைல், சின்னப் படகுகளுக்கு.

ஆற்றுக்கு அப்படியொரு கோடு கிடைக்கவில்லை. சீட்டுக் குலுக்கலுக்கு வராத ஆட்கள்தான் வந்தார்கள். 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம். தொண்ணூறுகளின் நடுவில் வடசென்னை அனல் மின் நிலையம். 2001-ல் துறைமுகம். வடசென்னை நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல், தண்ணீரில் கரைத்த கூழாகக் குழாயில் ஆற்றைத் தாண்டிப் போகும். குழாய் ஒழுகும். ஒழுகிய சாம்பல் ஆற்றடியில் படியும். ஆள் முங்கும் ஆழமிருந்த இடத்தில் நடந்தே போகலாம் என்றால் மடவை எங்கே நீந்தும்?

நான் பி.காம். படித்தவன். சாம்பலை அப்புறப்படுத்தும் செலவைக் கணக்கில் எழுதுவார்கள். பழுதான குழாயை மாற்றாமல் மிச்சம் பிடித்தால் அது லாபம். ஆற்றுக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

2016-ல் மீனவர் தரப்பு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. தீர்ப்பு வர 2022 ஆனது. சாம்பலை அகற்றச் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து கால்வாய் வழியாக முகத்துவாரம் முழுக்கக் கறுப்பு. படகு, வலை, அலையாத்தி வேர் எதுவும் தப்பவில்லை. செவுள் வலையின் கண் எண்ணெய்க்கு ஒரு பொருட்டா என்ன?

அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000. நாளுக்கு 500 ரூபாய் மீன்பாடு என்று வைத்துக்கொண்டால், ஒரு குடும்பத்துக்கு 25 நாள். கரையோர அலையாத்தி வேர்களில் அதற்கப்புறமும் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருந்தது.