‘டூ’ வந்த கதை

‘டிட் யூ வென்ட்?’ என்று எழுதிய மாணவனின் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுகிறது. ‘டிட்’ வந்தால் வினையின் முதல் வடிவமே வரவேண்டும் என்ற விதி அவனுக்கு மனப்பாடமாகக் கொடுக்கப்படுகிறது. ஏன் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த ‘ஏன்’ ஆங்கிலத்தின் வரலாற்றில் இருக்கிறது.

பழைய ஆங்கிலம் கேள்வி கேட்க ‘டூ’வை நாடவில்லை. எழுவாயும் வினையும் இடம் மாறினால் போதுமானது. இன்றைய சொற்களில் சொல்வதானால், ‘ஹீ கம்ஸ்’ என்பதைத் திருப்பிக் ‘கம்ஸ் ஹீ?’ என்றால் அது வினா. உறவுமொழியான ஜெர்மன் இன்றும் அப்படித்தான் கேட்கிறது.

‘செய்’ என்று பொருள்படும் ‘டூ’ தன் பொருளை இழந்து வெறும் துணைவினையாகி, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. இதன் வளர்ச்சியை ஆயிரக்கணக்கான தொடர்களைக் கொண்டு ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வர் எல்லெகோர்டின் நூல் 1953இல் வெளிவந்தது. கார்னிஷ், வெல்ஷ் முதலிய கெல்டிக் மொழிகளின் தாக்கமே காரணம் என்போரும், ஆங்கிலத்தின் உள்வளர்ச்சியே என்போரும் இன்னும் வாதிடுகிறார்கள். ஷேக்ஸ்பியரிடம் (1564–1616) பழைய வடிவமும் புதிய வடிவமும் அருகருகே கிடைக்கின்றன. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியம் பெரும்பாலும் பழையதையே பேணியது. பின்னர் புதியதே நிலைத்தது. ‘பீ’, ‘கேன்’, ‘வில்’ போன்றவை மட்டும் இன்றும் தாமே முன்னே நகர்கின்றன.

இந்த மாற்றத்தில்தான் மாணவனுக்கான விடை இருக்கிறது. காலத்தையும் இடத்தையும் காட்டும் குறி ஒரு தொடரில் ஒரே வினைமீதுதான் அமரும். ‘டூ’ முன்னே வந்ததும் அந்தச் சுமையை அதுவே ஏற்றுக்கொண்டது. ‘கம்ஸ்’ஸில் இருந்த ‘ஸ்’ இடம்பெயர்ந்து ‘டஸ்’ ஆயிற்று. ‘வென்ட்’டில் இருந்த இறந்தகாலம் ‘டிட்’டுக்குச் சென்றது. சுமையை இறக்கிவைத்த வினை ‘கம்’ என்றும் ‘கோ’ என்றும் வெறுமையாய் நிற்கிறது. ‘ஹூ கேம்?’ என்பதில் ‘ஹூ’வே எழுவாய்; அது முன்னரே முதலில் நிற்பதால் எதுவும் இடம்பெயர வேண்டியதில்லை. ஆகவே ‘டிட்’டும் இல்லை, ‘கேம்’ தன் காலத்தை இழப்பதும் இல்லை.

தமிழில் வினா வேறு வழியில் பிறக்கிறது. ‘வந்தான்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் ‘வந்தானா?’. ‘அவனா வந்தான்?’ என்று பெயரோடும் அது ஒட்டும். எங்கே ஒட்டினாலும் வினைமுற்று தன் காலத்தையும் பாலையும் விட்டுக்கொடுப்பதில்லை. தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றை வினா எழுத்துகளாகச் சொன்னது. நன்னூல் எ, யா இரண்டையும் சேர்த்து ஐந்தாக்கியது.

கேள்வியிலும் காலத்தை வினைமீதே நிறுத்திப் பழகிய மொழியிலிருந்து வருபவன் ‘வென்ட்’டை விடத் தயங்குவது இயல்பே. அவன் தவற்றை அறியாமை என்று அடித்துவிடுவது எளிது. ‘காலம் டிட்டுக்குப் போய்விட்டது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால், விதி அவனுக்கு விளங்கியிருக்கும்.